விமான நிலையத்தில் வீல்சேர் உதவி: கேட்பதும், கேட்டது கிடைக்கச் செய்வதும்

முதல்முறை விமானம் ஏறப்போகும் மாற்றுத்திறனாளியும் அவரைக் கூட்டிப்போகும் வீட்டாரும் எடுத்த எடுப்பில் கேட்பது, "வீல்சேருக்குத் தனியாகப் பணம் கட்டணுமா?" என்றுதான். மாற்றுத்திறனாளிகளும் நடக்கச் சிரமப்படுகிறவர்களும் கட்ட வேண்டியதில்லை. புறப்படும் ஊரில் நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து விமானம் வரை, போய்ச் சேரும் ஊரில் விமானத்திலிருந்து வெளிவாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவது விமான நிறுவனத்தின் கடமை. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆனால் விதியில் எழுதியிருப்பது வேறு, கவுன்டரில் இருக்கும் ஊழியரின் திரையில் தெரிவது வேறு. உங்கள் தேவை அந்தத் திரையில் இல்லையென்றால் உதவியும் வராது, வந்தாலும் தாமதமாக வரும். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எப்படிப் பதிய வைப்பது என்பதைப் பற்றித்தான்.

விதி எங்கே இருக்கிறது

இந்தியாவில் இதைக் கண்காணிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. அதன் விதித்தொகுப்பில் பிரிவு 3, தொடர் எம், பகுதி 1 முழுக்க முழுக்க மாற்றுத்திறனாளிகளையும் நடமாட்டம் குறைந்தவர்களையும் பற்றியது. 2008-ல் வந்தது, 2014-ல் விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது, 2022-ல் மறுபடி திருத்தப்பட்டது. டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒரு பிரதி செல்போனில் இருக்கட்டும். கவுன்டரில் வாக்குவாதம் வரும்போது, "விதியில் இருக்கு" என்று சொல்வதைவிட அந்தப் பத்தியைத் திறந்து காட்டுவது சீக்கிரம் வேலை செய்கிறது.

இந்த விதிகள் தானாக வலுப்பெறவில்லை. 2012 பிப்ரவரியில், பெருமூளை வாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டார். இருக்கையில் உட்கார்ந்த பிறகு ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. டி.ஜி.சி.ஏ. 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. இரண்டே மாதத்தில் விதியும் திருத்தப்பட்டது: குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது, பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் நினைத்தால், விமான நிலையத்தில் ஒரு மருத்துவர் பயணியைப் பரிசோதித்து, பறக்கத் தகுதி உண்டா இல்லையா என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகும் மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் கொடுக்க வேண்டும். கவுன்டர் ஊழியர் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் வேலை இனி இல்லை.

படி 1: டிக்கெட் எடுக்கும்போது சரியான குறியீட்டைக் கேளுங்கள்

எல்லோரும் தவறவிடும் இடம் இது. "வீல்சேர் வேணும்" என்று மட்டும் சொன்னால் போதாது. விமானத் துறையில் வீல்சேர் உதவிக்கு மூன்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு, மூன்றுக்கும் வரும் ஆளும் வண்டியும் வேறு.

டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால், படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நிலையத்தின் நீண்ட தூரம்தான் முடியாது. முட்டிவலி உள்ள அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் இந்த வகை. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால், படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை மெதுவாக நடந்துகொள்வார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால், நடக்கவே இயலாதவர், இருக்கை வரை குறுகலான நாற்காலியில் கொண்டுபோய்த் தூக்கி உட்கார வைக்க வேண்டும்.

இணையதளத்தில் டிக்கெட் எடுக்கும்போது அவசரத்தில் முதல் கட்டத்தை டிக் செய்துவிடுகிறோம். அது பெரும்பாலும் முதல் வகை. முதுகுத்தண்டு காயம் உள்ள ஒருவர் அந்தக் குறியீட்டோடு போனால், விமானம் தூரத்தில் நிற்கும் நாளில் அவரைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய் ஏணியின் அடியில் விட்டுவிடுவார்கள். அங்கே நின்றுகொண்டு ஆள் தேட வேண்டியதுதான். டபிள்யூ.சி.எச்.எஸ்., டபிள்யூ.சி.எச்.சி. பதிவு இருந்தால்தான் ஆம்புலிஃப்ட் எனப்படும் தூக்குவண்டியோ, ஏணிக்குப் பதிலாகச் சாய்தளமோ முன்கூட்டியே ஏற்பாடாகும்.

பார்வையற்றவர்களுக்கும் செவித்திறன் இல்லாதவர்களுக்கும், அறிவுசார் அல்லது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தனிக் குறியீடுகள் இருக்கின்றன. பார்வையற்றவரை வீல்சேரில் உட்காரச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. கால் நன்றாக இருக்கிறது, வழிகாட்ட ஒரு கை போதும் என்றால் அதையே சொல்லுங்கள். தள்ளுகிறவருக்கு வீல்சேர் வசதி என்பதற்காக நீங்கள் அதில் ஏற வேண்டியதில்லை.

இன்னொரு குறியீடு, எம்.ஏ.ஏ.எஸ். 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்பார்கள். ஒரு ஆள் வந்து சந்தித்து, கூடவே நடந்து, கவுன்டர், குடியேற்றச் சோதனை எல்லாம் தாண்டி விடுவார். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகள், பெற்றோருக்கு ஆங்கிலம் வராது, துபாயில் விமானம் மாறத் தெரியாது என்பதற்காகவே வீல்சேர் போட்டுவிடுகிறார்கள். நன்றாக நடக்கும் பெற்றோருக்கு வேண்டியது வீல்சேர் இல்லை, இந்த உதவிதான். தருகிறார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த 80 வயதுப் பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் வீல்சேர் பதிவாகியிருந்தது. கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வீல்சேர் கேட்பவர்கள் அதிகம், நாற்காலிகள் குறைவு என்பதுதான் நிறுவனம் சொன்ன விளக்கம். போதுமான நாற்காலி வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரிசையில் நிற்காமல் போகலாம் என்பதற்காக மட்டும் வீல்சேர் கேட்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

படி 2: 48 மணி நேரத்துக்கு முன் உறுதிப்படுத்துங்கள்

தேவையைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்கச் சொல்கிறது விதி. அவசரப் பயணத்தில் அது முடியாமல் போனாலும் உதவி கிடையாது என்று கைவிரிக்க முடியாது, இயன்றதைச் செய்தே ஆக வேண்டும். டிக்கெட் எடுத்தபோதே பதிந்திருந்தாலும், பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போடுங்கள். "என் பி.என்.ஆர். எண்ணில் (டிக்கெட்டின் பதிவு எண்) எந்த உதவிக் குறியீடு இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். 'இருக்கு சார்' என்ற பதில் போதாது, எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறிப் போவதாக இருந்தால், இரண்டாவது நிறுவனத்திடமும் தனியாகக் கேளுங்கள். முதல் நிறுவனத்தில் போட்ட பதிவு அங்கே போய்ச் சேராமலே விடுவதுண்டு.

இருக்கையையும் இப்போதே பேசி முடித்துவிடலாம். அவசரகால வழியை ஒட்டிய வரிசையில் மாற்றுத்திறனாளிகளை உட்கார விடமாட்டார்கள். நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுபவர், கைப்பிடி மேலே தூக்கக்கூடிய இருக்கையைக் கேட்க வேண்டும். முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும், ஆனால் பல விமானங்களில் அங்கே கைப்பிடி அசையாது. இடம் தாராளமாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு.

படி 3: மருத்துவச் சான்றும் துணையாளும்

ஏற, இறங்க, விமானத்துக்குள் சிறிய உதவி. இவ்வளவுதான் வேண்டும் என்றால் மருத்துவச் சான்று கேட்கக் கூடாது. தொற்றுநோய், பறக்கும்போது ஆக்சிஜன் போன்ற சாதனம் தேவைப்படுவது, பறப்பதால் மோசமாகக்கூடிய உடல்நிலை போன்ற சூழல்களில் மட்டும் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு படிவம் கேட்கலாம். போலியோவோ, பிறவிக் குறைபாடோ, பழைய விபத்துக் காயமோ நோய் அல்ல.

துணையாள் விஷயமும் இப்படித்தான். சாப்பிடுவது, கழிவறை, பேச்சுத்தொடர்பு ஆகியவற்றை நானே பார்த்துக்கொள்வேன் என்று பயணி சொல்லிவிட்டால், ஆள் கூட வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. கழிவறை பற்றி ஒரு வார்த்தை. உள்நாட்டில் ஓடும் சிறிய விமானங்களின் கழிவறை வீல்சேர் பயணிகளை மனதில் வைத்துக் கட்டியதல்ல. விமானத்துக்குள் பயன்படுத்தும் குறுகிய நாற்காலி இருக்கிறதா என்று 48 மணி நேர போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதற்கேற்ப நீங்கள் தயாராகலாம்.

படி 4: சொந்த நாற்காலியில் போகிறவர்கள்

கையால் தள்ளும் சாதாரண வீல்சேர் என்றால் விமானத்தின் கதவு வரை அதிலேயே போக அனுமதி கேளுங்கள். அங்கே வாங்கிச் சரக்கறையில் வைப்பார்கள். சாமான் எடைக்கணக்கில் இது சேராது. இறங்கும் ஊரிலும் கதவருகே திருப்பித் தர வேண்டும் என்று ஒட்டும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது பெட்டிகளோடு பெல்ட்டில் சுற்றி வரும், நீங்கள் நிலையத்தின் பொது நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மோட்டாரில் ஓடும் மின் வீல்சேர் என்றால் பேட்டரியில்தான் எல்லாச் சிக்கலும். ஜெல் போன்ற கசியாத பேட்டரி என்றால், முனைகளை மூடி, தானாக இயங்காதபடி செய்து, நாற்காலியிலேயே விடலாம். கழற்றும்படி செய்த லித்தியம் பேட்டரி என்றால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பயணியர் அறைக்குள் வர வேண்டும். ஒரே பேட்டரி என்றால் 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணி வரை. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, ஒரே பேட்டரியாக இருந்தால் தாராளமாகப் போகும். பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டை போட்டோ எடுத்து முன்கூட்டியே நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். சீட்டு அழிந்துபோயிருந்தால் தயாரிப்பாளரிடம் கடிதம் வாங்குவது நல்லது.

என் சித்தப்பாவின் நாற்காலி ஒருமுறை இயக்கும் கைப்பிடி வளைந்து வந்து சேர்ந்தது. அதை ஏற்றியவர்கள் கைப்பிடியைப் பிடித்தே தூக்கியிருக்கிறார்கள். அன்று முதல், தூக்க வேண்டிய இடங்களில் சிவப்பு டேப் சுற்றி, பிரேக்கை விடுவிப்பது எப்படி என்று படத்தோடு ஒரு அட்டையை நாற்காலியின் முதுகில் கட்டி அனுப்புகிறோம். மெத்தை, கால்தாங்கி, கைப்பிடி என்று கழற்றக்கூடிய எதையும் கழற்றி விமானத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். ஒப்படைக்கும் முன் நாற்காலியை நான்கு பக்கமும் தேதியோடு போட்டோ எடுங்கள்.

படி 5: நிலைய வாசலில் இருந்து பாதுகாப்புச் சோதனை வரை

மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நுழைவாயிலிலேயே உதவி மேசையோ நிறுவனத்தின் ஆளோ இருப்பார். டிக்கெட்டைக் காட்டி "உதவி பதிவாகியிருக்கிறது" என்று சொன்னால் தள்ளுபவரை அனுப்புவார்கள். அவருக்கு டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை.

பாதுகாப்புச் சோதனையைப் பெரிய நிலையங்களில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை செய்கிறது. வீல்சேரில் இருப்பவரை உட்கார்ந்தபடியே கையால் தடவிச் சோதிப்பார்கள், நாற்காலியைத் துணியால் துடைத்து வெடிமருந்துச் சோதனைக் கருவியில் வைப்பார்கள். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். செயற்கைக் கால் அணிந்தவர்கள், சோதனை தொடங்கும் முன்பே அதைச் சொல்லி, மறைவான அறையில் சோதிக்கும்படி கேளுங்கள். 2021 அக்டோபரில் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வீடியோவில் மனம்விட்டுப் பேசினார். படை மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு பேர்பெற்றவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிதானமாக, ஆனால் விடாமல், அறைக்குள் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பணியின் மேலதிகாரியை அழைக்கச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

ஆட்டிசம் போல வெளியே தெரியாத நிலை உள்ளவர்களுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நாடா ஒன்று இருக்கிறது. 2016-ல் லண்டன் கேட்விக்கில் தொடங்கியது, இங்கே பெங்களூரு, டெல்லி நிலையங்களிலும் வந்துவிட்டது. கழுத்தில் போட்டுக்கொண்டால், இவருக்குக் கூடுதல் நேரமும் பொறுமையும் வேண்டும் என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சோதனை முடிந்ததும் உங்களை விமானம் ஏறும் வாயில் (கேட்) அருகே விட்டுவிட்டுத் தள்ளுபவர் அடுத்த ஆளைக் கூட்டிவரப் போய்விடுவார். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: திரும்ப வருவது யார், எத்தனை மணிக்கு? வாயில் மாறினால் யாரைக் கூப்பிடுவது? செவித்திறன் இல்லாதவர்கள் வாயில் மேசையில் இருப்பவரிடம் தங்கள் இருக்கை எண்ணைக் காட்டி, மாற்றம் எதுவானாலும் நேரில் வந்து சொல்லும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். விமானம் ஏற அழைக்கும் அறிவிப்பை ஒலிபெருக்கியில் செய்யாத 'அமைதி' நிலையங்கள் இப்போது அதிகம், சென்னையும் அதில் ஒன்று. அதனால் இது பார்வையற்றவர்களுக்கும் பொருந்தும்.

படி 6: விமானத்தில் ஏறுவது

உங்களைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். வரிசை ஆரம்பிக்கும்போது நீங்கள் இன்னும் வாயிலிலேயே இருந்தால் குரல் கொடுங்கள். எல்லோரும் ஏறிய பிறகு அந்தக் குறுகிய நடைபாதையில் உங்களைக் கொண்டுபோவது பெரும்பாடு.

நடக்க முடியாதவர்களுக்குக் கதவருகே குறுகிய நாற்காலி வரும். கை வைக்க இடம் இருக்காது, மார்பிலும் காலிலும் பட்டை போட்டுக் கட்டுவார்கள். இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். கைகளை மடியில் கட்டிக்கொள்ளுங்கள், இருக்கைகளின் விளிம்பில் முழங்கை இடித்துக்கொள்ளும். இருக்கை அருகே வந்ததும் அவர்கள் கைப்பிடிக்கு மேலே உங்களைத் தூக்கிப் போடப் பார்ப்பார்கள். நிறுத்தச் சொல்லுங்கள். நடைபாதைப் பக்கக் கைப்பிடி பல விமானங்களில் பார்க்க அசையாதது போலத்தான் இருக்கும். கைப்பிடியின் அடியில், முதுகுச் சாய்வோடு சேரும் இடத்தில் விரலால் தடவினால் சிறிய பொத்தானோ நெம்பியோ தட்டுப்படும். அதை அழுத்திப் பிடித்தால் கைப்பிடி மேலே போய்விடும். விமானப் பணிப்பெண்களிலேயே பலருக்கு இது நினைவிருக்காது. கைப்பிடி போய்விட்டால், தூக்க வேண்டியதில்லை, நகர்ந்தால் போதும்.

எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்குத்தான். அக்குளைப் பிடிக்கலாமா, எந்தப் பக்கம் வலி, எண்ணிச் சொல்லித் தூக்க வேண்டுமா, எல்லாவற்றையும் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பார்வையற்றவர்கள் பாதுகாப்பு விளக்கத்தைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள், பிரெய்ல் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

படி 7: இறங்கிய பிறகு

ஏறும்போது முதலில் என்றால் இறங்கும்போது கடைசி. அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இடைவெளியை நீட்டி வைக்க வேண்டும். தரையிறங்க அரை மணி இருக்கும்போது, வீல்சேரை உறுதிப்படுத்தும்படி பணியாளரிடம் மறுபடி சொல்லுங்கள்.

சென்னையில் இறங்குபவர்களுக்கு ஒன்று: ஆப் மூலம் கூப்பிடும் வாடகைக் கார்கள் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குத்தான் வரும். உதவி என்பது நிலைய வாசலோடு முடிந்துவிடும் என்று தள்ளுபவர் சொல்லலாம். கார் நிற்கும் இடம் வரை வருவாரா என்று உள்ளே இருக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டுக் காரை நேராக வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் விதி மாறும்

ஐரோப்பாவில் 2008-லிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கும் 1107/2006 விதிப்படி, உதவி செய்வது விமான நிலையத்தின் பொறுப்பு, நிறுவனத்தின் பொறுப்பல்ல. செலவை எல்லா நிறுவனங்களிடமும் பங்கு போட்டு வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் தெரிவிப்பது நிறுவனத்திடம்தான், ஆனால் அங்கே போனதும் தேட வேண்டியது நிலையத்தின் உதவி மேசையை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு இதே முறையைத்தான் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டம் விமான நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. அந்நாட்டுக்குப் போய்வரும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். அங்கே சாதாரண வீல்சேருக்கு முன்னறிவிப்பு கேட்க முடியாது. ஏதாவது தகராறு என்றால் "சி.ஆர்.ஓ.வைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். புகார் தீர்க்கும் அதிகாரி அவர், நேரிலோ தொலைபேசியிலோ அவரைத் தொடர்புகொள்ள வைத்தே ஆக வேண்டும். அங்குள்ள ஊழியர்களிடம் இந்த மூன்று எழுத்துக்கு இருக்கும் மரியாதை தனி. தள்ளுபவருக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால் கொஞ்சம் சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு நேர்ந்தால்

முதலில் அங்கேயே, அப்போதே, பணியில் இருக்கும் மேலாளரைக் கேளுங்கள். நேரம், இடம், ஊழியரின் பெயர்ப் பட்டையில் இருப்பது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்ற மறுத்தால் எழுத்துமூலக் காரணம் இல்லாமல் நகராதீர்கள். அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். அதோடு ஏர்சேவா செயலியில் ஒரு புகார். அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்துடையது, புகாருக்கு எண் கிடைக்கும், நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பதில் திருப்தி இல்லையென்றால் டி.ஜி.சி.ஏ., மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர், நுகர்வோர் ஆணையம் என்று வழிகள் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நாற்காலி சேதமாகி வந்தால், சாமான் வரும் பகுதியை விட்டு வெளியே வரும் முன்பே சேத அறிக்கை எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கான இழப்பீட்டு வரம்பு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். நல்ல மின் நாற்காலி அதற்கு மேல் விலை என்பதால், செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்துப் பதியச் சொல்லலாம். கூடுதல் கட்டணம் கேட்டால், எவ்வளவு என்று விசாரித்து, கட்டுவதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்படி அறிவித்திருந்தால் இழப்பீடு அந்த மதிப்பு வரை போகும்.